மேஜிக்கைத் தொலைக்காட்சி காப்பாற்றவில்லை

போடிநாயக்கனூர் டீக்கடையில் ஒரு பையன் சீட்டுக்கட்டைப் பிரித்து, கேட்ட சீட்டை எடுத்துக் காட்டிவிட்டால் போதும். சுற்றி நிற்பவர்களிடமிருந்து வரும் யோசனை ஒன்றுதான்: “டிவிக்குப் போடா தம்பி, இங்க இருந்து என்ன பண்ணப்போற?” அதற்கு மேல் வித்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பத்து ரூபாய் எடுத்து நீட்டுவதும் இல்லை. திறமை இருந்தால் தொலைக்காட்சிப் போட்டி, அங்கே தேறவில்லை என்றால் திறமை இல்லை. இந்தக் கணக்கு டீக்கடையோடு நிற்கவில்லை. பத்திரிகைகளின் கலைப் பக்கங்களிலும் பள்ளி ஆண்டுவிழா மேடைகளிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. சாகக் கிடந்த மேஜிக் கலையைத் திறமைப் போட்டி நிகழ்ச்சிகள்தான் பிழைக்கவைத்தன என்பது இன்று ஏறக்குறைய எல்லாரும் ஏற்றுக்கொண்ட கருத்து.

அந்தக் கருத்து தவறு. ஆனால் அதை மறுக்குமுன் அதன் வலுவான வடிவத்தை அப்படியே எடுத்துவைப்பதுதான் நியாயம்.

வித்தை பழக ஒரு காலத்தில் பரம்பரை வேண்டும், அல்லது குருவின் தயவு வேண்டும், இரண்டும் இல்லையென்றால் சாமான் வாங்கப் பணமாவது வேண்டும். போட்டி நிகழ்ச்சி இவற்றில் எதையும் கேட்பதில்லை. ஆடிஷனில் போய் நின்றால் போதும். சின்ன ஊர்க் கலைஞரை ஒரே இரவில் கோடிப் பேர் பார்க்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது சாதியோ சொந்தமோ அல்ல, நடுவர்களும் பொதுமக்களும். உதாரணங்களுக்கும் பஞ்சமில்லை. ‘அமெரிக்காஸ் காட் டேலன்ட்’ நிகழ்ச்சியை 2014-ல் மேட் ஃப்ராங்கோவும் 2018-ல் ஷின் லிம்மும் வென்றார்கள். ஃப்ராங்கோவின் பெயரிலேயே லாஸ் வேகாஸில் ஓர் அரங்கு இருக்கிறது. 2016-ல் ‘பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்’ பட்டத்தை வாங்கிய ரிச்சர்ட் ஜோன்ஸ் ராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். அந்த நிகழ்ச்சியை வென்ற முதல் மேஜிக் கலைஞர் அவர்தான். இந்தியாவிலும் 2009-ல் கலர்ஸ் சேனலில் ‘இந்தியாஸ் காட் டேலன்ட்’ தொடங்கியதிலிருந்து எல்லா வகை வித்தைக்கும் கதவு திறந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கேலி செய்து ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல இது. ஆனால் ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தால் எந்தப் படியும் உறுதியாக இல்லை.

1. யார் யாரைக் கண்டுபிடித்தார்கள்? தொலைக்காட்சி திறமையைக் கண்டெடுக்கிறது என்பதுதான் வாதத்தின் முதல் படி. ஷின் லிம்மையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் அமெரிக்க நடுவர்கள் வாயைப் பிளந்து பார்த்த அந்த மனிதர், 2015-லேயே இத்தாலியின் ரிமினி நகரில் நடந்த ஃபிஸ்ம் உலகப் போட்டியில் சீட்டு வித்தைக்கான முதல் பரிசை வாங்கியவர். ஃபிஸ்ம் என்பது 1948-ல் தொடங்கிய உலக மேஜிக் கூட்டமைப்பு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அது நடத்தும் போட்டிதான் இந்தத் துறையின் ஒலிம்பிக். அதோடு, பென்–டெல்லர் என்ற மேஜிக் இணை நடத்தும் ‘ஃபூல் அஸ்’ நிகழ்ச்சியிலும் இரண்டு முறை அந்த இருவரையே ஏமாற்றிக் காட்டியிருந்தார். தைவானின் எரிக் சியென் 2018-ல் ஃபிஸ்மின் உச்சப் பரிசைப் பெற்றுவிட்டு 2019-ல் அதே அமெரிக்க மேடைக்கு வந்தார். டிராகன் வேடத்தில் வந்து 2015-ல் இறுதிச் சுற்று வரை போன பிஃப், நான்காண்டு முன்பே ‘ஃபூல் அஸ்’ஸில் பெயர் வாங்கியவர்.

வேறு யாரோ விதைத்து, நீர் பாய்ச்சி, களையெடுத்த வயலில் தொலைக்காட்சி அறுவடைக்கு மட்டும் இறங்குகிறது. விதைத்தவை மேஜிக் சங்கங்கள், கல்லூரி மேடைகள், கேளிக்கை விடுதிகள், சிறு அரங்குகள். ஒரே வித்தையை ஐந்நூறு முறை செய்து, நூறு முறை சொதப்பி, திருத்திக்கொள்ள இடம் கொடுத்தவை அவைதான். போடிப் பையனுக்கு அந்த நடுப்படிகள் எங்கே? பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த ரயில் 2023 ஜூனில் மறுபடி போடிக்கு வந்தது. வாரத்தில் மூன்று நாள் ஏறிப் படுத்தால் காலையில் சென்னையில் இறங்கலாம். ஆனால் டீக்கடைக்கும் ஆடிஷனுக்கும் நடுவில் அவன் ஏறிப் பழக ஒரு மேடை கூட இல்லை. ரிச்சர்ட் ஜோன்ஸ் ஒரு விதிவிலக்கு. ஒரு விதிவிலக்கைக் காட்டி ஊர் ஊராகப் பையன்களை வரிசையில் நிறுத்துவதற்குப் பெயர் வாய்ப்பு அல்ல.

2. எதை அளக்கிறார்கள், எதைக் கொண்டு அளக்கிறார்கள்? ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் நாலு நிமிடம். அதற்குள் நடுவரின் புருவம் உயர வேண்டும், அரங்கம் எழுந்து நிற்க வேண்டும். நடுவர்கள் யார்? ஷின் லிம் வென்ற ஆண்டில் அமெரிக்க மேடையில் இருந்தவர்களில் சைமன் கோவல் இசைத்தட்டுத் துறைக்காரர், ஹைடி க்ளம் மாடல், ஹோவி மேண்டல் நகைச்சுவைக் கலைஞர். ‘இந்தியாஸ் காட் டேலன்ட்’ முதல் சீசனில் சேகர் கபூர், சோனாலி பேந்த்ரே, கிரண் கேர். அவரவர் துறையில் பெரியவர்கள்தான். ஆனால் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை ஒளித்துக்கொண்டு அதே கையால் இயல்பாகத் தலையைக் கோதிக்கொள்ள எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சூப்பர் சிங்கர் போன்ற பாட்டுப் போட்டியில் சுருதி விலகினால் சொல்வதற்கு ஒரு பாடகராவது நடுவர் இருக்கையில் இருப்பார். மேஜிக்குக்கு அந்த மரியாதை கூடக் கிடையாது.

ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன போடியில் இந்தக் குறையை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பிரிக்கிறார்கள். பருமனான காய்க்கு விலை அதிகம். ஆனாலும் சல்லடை சொன்னதை மட்டும் நம்பி எந்த வியாபாரியும் விலை கேட்பதில்லை. தட்டில் வரும் மாதிரியை அள்ளிப் பார்க்கிறார், நிறம் பார்க்கிறார், தோலைப் பிரித்து ஏலரிசி கறுப்பாக முற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஸ்பைசஸ் போர்டின் ஏலம் கணினிக்கு மாறிய பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. தொலைக்காட்சிப் போட்டியிடம் இருப்பது சல்லடை மட்டும். பெரிதாகத் தெரிவது தேறும்; வாசனை எதில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

அந்தச் சல்லடையில் எது விழுந்துவிடும் என்பதைச் சந்தைத் திடலில் நடக்கும் செப்படி வித்தையைப் பார்த்தால் தெரியும். தரையில் ஒரு பழைய துணி. மூன்று கிண்ணம், ஒரு குச்சி, கந்தலைச் சுருட்டிய உருண்டைகள். வித்தைக்காரர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மலையிலிருந்து திரும்பிய ஜீப்பில் இறங்கிய பெண்கள் தூக்குவாளியோடு நிற்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்வரிசையில். லேசாகத் தண்ணி போட்ட ஒருவர் “கிண்ணத்தை நான் தூக்குறேன்” என்று குறுக்கே கை நீட்டுகிறார். அந்தக் கையைத்தான் வித்தைக்காரர் எதிர்பார்த்திருக்கிறார். “தூக்குங்க மாமா” என்கிறார். தூக்கினால் உருண்டை இல்லை. “உங்க சட்டைப் பையில தேடுங்க.” சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு கிண்ணத்துக்கடியில் எலுமிச்சம்பழம். இதில் கை வேலை பாதிதான். கூட்டத்தைச் சேர்ப்பது, வம்புக்காரரை வித்தைக்குள் இழுப்பது, காசு கேட்கும் நேரத்தில் வட்டம் கலையாமல் பிடித்துவைப்பது எல்லாமே அந்தக் கலையின் அங்கம். துணிக்கடியில் மாங்கொட்டையைப் புதைத்து, வேறு வித்தைகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கன்றாக வளர்த்துக் காட்டும் மாமர வித்தை காத்திருப்பதையே சரக்காகக் கொண்டது. இரண்டு நிமிடத்தில் முளைக்கும் மாமரத்தில் வியக்க என்ன இருக்கிறது?

3. கேமரா நடுநிலையான சாட்சி என்று யார் சொன்னது? இந்திய வித்தையைக் கேமராவைக் கொண்டு தீர்ப்பளிக்கும் ஆசைக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். 1890 ஆகஸ்டில் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ ஒரு செய்தி போட்டது: இந்தியாவில் கயிறு வித்தையைப் பார்த்த ஒருவர் கண்ணால் கண்டதை வரைந்தார், இன்னொருவர் படம் பிடித்தார், வரைந்ததில் பையன் கயிற்றில் ஏறுகிறான், படத்தில் பையனும் இல்லை, கயிறும் இல்லை, ஆகவே எல்லாம் மனவசியம் என்று முடித்தது. சில மாதம் கழித்து, அந்தச் செய்தியே கட்டுக்கதை என்று அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. ஆனால் கேமரா பொய் சொல்லாது என்ற நம்பிக்கை மட்டும் நிலைத்துவிட்டது.

தொலைக்காட்சியில் மேஜிக் செய்த பழைய தலைமுறைக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. 1960-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனலில் மேஜிக் தொடர் நடத்திய மார்க் வில்சன், அரங்கில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதைத்தான் வீட்டில் இருப்பவரும் பார்க்கிறார் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டார். 1983-ல் சுதந்திர தேவி சிலையை மறைத்துக் காட்டிய டேவிட் காப்பர்ஃபீல்டும் நேரில் ஒரு கூட்டத்தை உட்காரவைத்துத்தான் செய்தார். போட்டி நிகழ்ச்சிகளின் ஆடிஷன் சுற்றுகளோ பதிவு செய்யப்பட்டு, வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு வருபவை. கை அசையும் அந்த நொடியில் திரையில் தெரிவது நடுவரின் திறந்த வாய். எங்கே கண்ணைத் திருப்புவது என்பதுதான் வித்தைக்காரரின் தொழில். அந்தத் தொழிலை எடிட்டர் எடுத்துக்கொண்ட பிறகு மேடையில் நிற்பவருக்கு என்ன மிச்சம்?

விளைவு ஊரில் வந்து விடிகிறது. வெட்டி ஒட்டிய வித்தையைப் பார்த்துப் பழகியவர்கள், வெட்டாத வித்தையையும் நம்புவதில்லை. திருவிழாத் திடலில் நாலு பக்கமும் கண்கள் சூழ, திரையோ மறைப்போ இல்லாமல் செய்பவரைப் பார்த்தும் “எல்லாம் செட்டப்பு” என்கிறார்கள். தொலைக்காட்சி சம்பாதித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மதிப்பு இதுதான்.

4. சீட்டுக்கட்டு முதலில் வருமா, கண்ணீர் முதலில் வருமா? 2018-ல் பிரிட்டன் மேடைக்கு வந்த மார்க் ஸ்பெல்மேன், குழந்தைக்காகத் தானும் மனைவியும் பட்ட பாட்டையும் மனைவியின் புற்றுநோயையும் தன் வித்தையோடு பின்னியிருந்தார். நேரடித் தகுதிக்கான தங்க பஸர் கிடைத்தது. அடுத்த ஆண்டு முகமூடி அணிந்து ‘எக்ஸ்’ என்ற பெயரில் வந்து இரண்டாம் இடம் பிடித்தவரும் அவரே. ஸ்பெல்மேன் தேர்ந்த கலைஞர், அவருடைய வாழ்க்கையை எப்படிச் சொல்வது என்பது அவருடைய உரிமை. கேள்வி போட்டியின் அமைப்பைப் பற்றியது. வித்தையின் நுணுக்கத்தை மதிப்பிடத் தெரியாத மேடை வேறெதையாவது மதிப்பிட்டாக வேண்டும். கையில் எளிதாகக் கிடைப்பது துயரம்.

ஏலத்தோட்டத்தில் களையெடுக்கும் தாயின் மகன் அந்த மேடைக்குப் போனால் என்ன நடக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை. படக்குழு முதலில் லயத்து வீட்டின் தகரக் கூரையைக் காட்டும். அப்புறம் அம்மாவின் கை, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும் கூட்டம், ஒரு சோக வயலின். அவன் நாலு வருடம் பழகிய சீட்டுச் சுழற்றல் கடைசியில் நாற்பது நொடி வரும். அவன் ஏழை என்பது நாட்டுக்குத் தெரிந்துவிடும். அவன் கை எவ்வளவு சுத்தம் என்பது தெரியாது. 1821-ல் வெளியான தன் நூலில் இங்கிலாந்து எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட், லண்டன் மேடையில் பார்த்த இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நான்கு பந்துகளைக் காற்றில் நிறுத்தும் அந்தக் கைத்திறனுக்கு முன் தன் எழுத்து எம்மாத்திரம் என்று வியந்தார். இருநூறு ஆண்டுக்கு முன் ஓர் அந்நியருக்கு வித்தையை வித்தையாகப் பார்க்க முடிந்திருக்கிறது.

5. பரிசுப் பணம் பிழைப்பாகுமா? அமெரிக்கப் போட்டியின் பரிசு 10 லட்சம் டாலர் என்று கொட்டை எழுத்தில் வருகிறது. நிகழ்ச்சி முடிந்து ஓடும் பொடி எழுத்தில் இருப்பது வேறு: அது நாற்பது ஆண்டுகளில் தவணையாகத் தரப்படும், அல்லது இன்றைய மதிப்புக்குக் குறைத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 25,000 டாலர், வரிக்கு முன். அதுவும் ஜெயித்த ஒருவருக்கு. மற்றவர்களுக்கு மிஞ்சுவது ‘டிவி புகழ்’ என்று விளம்பரப் பலகையில் போட்டுக்கொள்ளும் உரிமை.

தூரத்து மேடையின் கைதட்டல் சோறு போடாது என்பதற்கு அந்த லண்டன் மேடைகளே சாட்சி. அங்கே பல பத்தாண்டுகள் புகழோடு ஆடியவர் ‘ராமோ சாமி’ என்று அழைக்கப்பட்ட நம்மூர் ராமசாமி. 1850-ல் அவர் இறந்தது வறுமையில். தில்லித் தெரு வித்தைக்காரர் இஷாமுதீன் கான் 1995-ல் குதுப் மினார் அருகே திறந்தவெளியில் கயிறு வித்தை செய்து உலகச் செய்தியானார். ஆனாலும் தில்லியின் தெருக்கலைஞர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கட்புத்லி காலனி 2017-ல் இடித்துத் தள்ளப்பட்டது. தெருவில் வித்தை காட்டிக் காசு கேட்பதைப் பிச்சையெடுப்பதில் சேர்த்த 1959-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. பிச்சையைக் குற்றமாக்கிய அதன் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2018-ல்தான். ஒரு பக்கம் இந்தியத் திறமையைக் கொண்டாடும் ஸ்டுடியோ, இன்னொரு பக்கம் அதே திறமைக்காகக் கைது செய்யும் போலீஸ். ஏறக்குறைய ஒன்பது ஆண்டு இரண்டும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நடந்தன. முன்னதால் பின்னதில் ஒரு வரி கூட மாறவில்லை.

பரிசு அறிவித்துக் கலையை வளர்க்கும் யோசனையும் புதிதல்ல. 1934-ல் லண்டன் மேஜிக் சர்க்கிளின் ஒரு குழு, கயிறு வித்தையைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி தருவதாக அறிவித்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆம்ப்ட்ஹில் பிரபு. 1900 முதல் 1906 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். கேட்கப்பட்டது பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கற்பனை வித்தை; பரிசை யாரும் வாங்கவில்லை. வாங்காததையே சாக்காக வைத்து இந்திய வித்தை எல்லாம் கதை என்று எழுதினார்கள். நிபந்தனையை ஒரு தரப்பே எழுதிக்கொண்டு, தோற்றவனைத் திறமையற்றவன் என்று சொல்லும் வழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

6. ஒருமுறை ஒளிபரப்பானால் வித்தை யாருடையது? பாடகர் அதே பாட்டை நாளைக்கும் பாடலாம். ரசிகர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வித்தைக்காரரின் நிலை நேர்மாறு. இருபது நிமிட நிகழ்ச்சியை வைத்து முப்பது வருடம் ஊர் ஊராகப் பிழைத்தவர்கள் உண்டு. அந்த இருபதில் மிகச் சிறந்த இரண்டு நிமிடத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை எவரோ கைப்பேசியில் அதைக் காட்சி காட்சியாக நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, ‘ரகசியம் அம்பலம்’ என்று ஏற்றிவிடுகிறார். 1997-ல் ஃபாக்ஸ் சேனலில் முகமூடி அணிந்து மேஜிக் ரகசியங்களை உடைத்த வால் வாலன்டினோவைத் தொழில்முறைக் கலைஞர்கள் துரோகி என்று திட்டினார்கள். இன்று அந்த வேலையை ஆயிரம் பேர் சும்மாவே செய்கிறார்கள். அவர்களுக்குத் தீனி போடுவது போட்டி மேடை.

சட்டம் கலைஞரைக் கைவிட்டுவிடவில்லை என்பதுதான் இதில் வேதனை. தன் நிழல் வித்தையை ஊமை நாடகமாக 1983-லேயே பதிவு செய்துவைத்திருந்த டெல்லர், அதை நகலெடுத்து விற்க முயன்றவர்மீது வழக்குப் போட்டு 2014-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் வென்றார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் தெளிவானது. ‘நிகழ்த்துநர்’ யார் என்று சொல்லும் 2(க்யூக்யூ) பிரிவில் நடிகர், பாடகர், நடனக்காரரோடு கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நிகழ்த்தியதன் மீதான உரிமை ஐம்பது ஆண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்டுப் படமாக்கக் கொடுத்தாலும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்கும் உரிமை உண்டு. ஆடிஷன் வரிசையில் பசியோடு நிற்கும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கையெழுத்து வாங்கும் தாளை நீட்டுபவர் சொல்லப்போவதும் இல்லை.

7. அப்படியானால் போட்டியே கூடாதா, தொலைக்காட்சியே வேண்டாமா? இந்த இடத்தில்தான் எதிர்த்தரப்பு துள்ளிக் குதிக்கும். இரண்டும் வேண்டும். ஃபிஸ்மும் போட்டிதான். அங்கே மேடைக் கலைஞருக்குப் பத்து நிமிடம் வரை உண்டு, நடுவர்கள் மேஜிக் கலைஞர்கள், மதிப்பெண் கைத்திறனுக்கும் புதுமைக்கும் அரங்கேற்ற அழகுக்கும் தனித்தனியாக. ‘ஃபூல் அஸ்’ஸும் தொலைக்காட்சிதான். அங்கே வித்தை பிடிபட்டாலும் பென்னும் டெல்லரும் பூடகமாகத்தான் சொல்கிறார்கள். கலைஞருக்குப் புரியும், வீட்டில் இருப்பவருக்குப் புரியாது. செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று. செய்யவில்லை என்பதற்கு மற்றவை சான்று.

பழைய சான்றும் உண்டு. 1956 ஏப்ரல் 9-ஆம் தேதி மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் தன் உதவியாளரான இளம்பெண்ணை மின்ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். பெண் எழுந்திருக்கவில்லை, சர்க்கார் அவள் கையைத் தேய்த்தார், அசைவில்லை. தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சி முடிந்தது என்றார். கொலை நடந்துவிட்டதென்று பதறிய நேயர்களின் அழைப்புகளால் பி.பி.சி.யின் தொலைபேசி இணைப்புகள் திணறின. லண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் அவருடைய நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் பறந்தது. ஒளிபரப்பின் நேரக் கெடுவையே வித்தையின் பகுதியாக்கிவிட்டார் அந்த வங்காளி. முக்கியமான வேறுபாடு இதில் இருக்கிறது: அந்தத் தொலைக்காட்சி மக்களை அரங்குக்கு அனுப்பியது. இன்றைய போட்டி மக்களை அடுத்த வார எபிசோடுக்கு அனுப்புகிறது.

8. உயிர் கொடுத்தது என்றால் உயிர் எங்கே? இந்தியாவில் மேஜிக்குக்கென்றே 2010-ல் ஸ்டார் ஒன் சேனல் ‘இந்தியாஸ் மேஜிக் ஸ்டார்’ நடத்தியது. நிகழ்ச்சி நிலைக்கவில்லை; அடுத்த ஆண்டே சேனலும் போய், அந்த இடத்தில் லைஃப் ஓகே வந்தது. தமிழில் பாட்டுக்கு சூப்பர் சிங்கர், சிரிப்புக்குக் கலக்கப்போவது யாரு என்று வருடக்கணக்கில் ஓடிய நிகழ்ச்சிகள் உண்டு. மேஜிக்குக்கு அப்படி நிலைத்த ஒன்று இல்லை. 2017-ல் ‘மெர்சல்’ படத்தில் விஜய் மேஜிக் கலைஞராக வந்தபோது பயிற்சி தர மூன்று வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்தார்கள். செப்படி வித்தையின் மண்ணில் கதாநாயகனுக்குச் சீட்டுப் பிடிக்கக் கற்றுத்தர வெளியிலிருந்து ஆள் வந்தது. எட்டு வருடத் திறமைப் போட்டிகள் அதற்குள் நடந்து முடிந்திருந்தன.

ஒப்பிட வேறு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. போடியிலிருந்து முந்தல் தாண்டி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் கேரளம். வாழகுன்னம் நம்பூதிரி செப்படி வித்தையைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோன மாநிலம் அது. அங்கே கோபிநாத் முதுகாடு 1996-ல் திருவனந்தபுரத்தில் மேஜிக் அகாடமி தொடங்கினார். 2014-ல் கழக்கூட்டத்தில் மேஜிக் பிளானட் திறந்து, தெருவித்தைக்காரர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார். பயிற்சி, அன்றாட மேடை, வருமானம் மூன்றும் ஒரே இடத்தில். அந்த முயற்சியிலும் குறை காணலாம். ஆனால் அது தொலைக்காட்சி வாக்கெடுப்பில் முளைத்தது அல்ல.

தேனி மாவட்டத்திலும் மலைச்சரிவிலும் செய்யக்கூடியவை இதைவிடச் சின்னவை. சித்திரைத் திருவிழாவுக்கு ஆடல் பாடல் குழுவுக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் பணம் ஒதுக்கும் விழாக் குழு, பேசி முடித்த சம்பளத்துக்கு அரை மணி நேரம் வித்தைக்காரருக்கு ஒதுக்கலாம். குழந்தை தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொள்ளச் சொல்லும் பள்ளிகள், அதற்குப் பதில் ஒரு தொகையைத் தாங்களே கொடுக்கலாம். 2007-ல் தொடங்கி 2023-ல் மறுபடி உயிர்பெற்ற ‘சென்னை சங்கமம்’ பறைக்கும் கரகத்துக்கும் ஒயிலுக்கும் பூங்காக்களில் மேடை போட்டது. மாவட்டங்களில் அப்படி ஒரு விழா நடக்கும்போது செப்படி வித்தைக்கு ஒரு மூலை ஒதுக்கினால் கூடுதல் செலவு ஒரு ஜமுக்காளம்.

போட்டியை விட்டுவிட மனமில்லாத சேனல்கள் மூன்று காரியம் செய்யட்டும். நடுவர் இருக்கையில் ஒரு மேஜிக் கலைஞரை உட்காரவைக்கட்டும். வித்தை நடக்கும்போது காட்சியை வெட்டாமல் காட்டி, வெட்டவில்லை என்று திரையில் எழுதட்டும். ஆடிஷனிலேயே வெளியேறுபவருக்கும் ஒளிபரப்பான நிமிடங்களுக்குக் கூலி கொடுத்து, 2012 திருத்தம் சொல்லும் ராயல்டியைத் தமிழில் அச்சடித்த ஒப்பந்தத்தில் சேர்க்கட்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். கலையைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் அடுத்த சீசனிலேயே தொடங்கலாம்.